படத்தில் இருப்பது எந்தப் பாம்பு?

மலைப்பாம்பின் படத்தைப் பார்த்திராதவர் இந்த அவையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பாடநூலில், நாட்காட்டியில், நாள்தோறும் கைப்பேசியில் வந்து விழும் காணொளிகளில் என்று எங்காவது பார்த்திருப்போம். ஆனால் காட்டில் தன் போக்கில் கிடக்கும் மலைப்பாம்பைக் கண்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் இரண்டொரு கைகள் உயர்ந்தாலே அதிகம். காணக்கிடைக்காத உயிருக்கு இத்தனை படங்கள் எங்கிருந்து வந்தன? தேடிக் கண்டு எடுத்தவை சில. பிடித்து வைத்து எடுத்தவை பல. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை வெளியே எடுத்துக் கிளையில் சுற்றி வைத்தது, வயலில் பிடிபட்டதை நாலு பேர் தோளில் ஏந்தி நின்றது, வனத்துறை வண்டியில் ஏற்றும் முன் சாக்கிலிருந்து உருவிக் காட்டியது, இவையெல்லாம் சேர்ந்துதான் நம் மனத்திலுள்ள மலைப்பாம்பை உருவாக்கியிருக்கின்றன. கூண்டுப் பாம்பைப் படம் எடுப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. காட்டுப் பாம்பின் படமும் கூண்டுப் பாம்பின் படமும் இரண்டு வேறு சாட்சிகள் என்பதுதான் என் வாதம். இருவருமே உண்மை பேசக்கூடியவர்கள்; ஆனால் ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை. ஒருவரின் வாக்குமூலத்தை மற்றவர் பெயரில் பதிவு செய்யும்போது வழக்கே கெட்டுப்போகிறது.

முதலில் காட்டுப் பாம்பை எடுத்துக்கொள்வோம். மலைப்பாம்பு துரத்திப் பிடிக்கும் விலங்கு இல்லை. விலங்குகள் போய்வரும் தடத்தருகிலோ நீரின் விளிம்பிலோ கிடந்து காத்திருக்கும். உதட்டோரக் குழிகள் இரையின் உடற்சூட்டை இருட்டிலும் உணர்ந்துகொள்ளும். உடலின் பழுப்புத் திட்டுகள் சருகோடும் நிழலோடும் கலந்து, பாம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையே கண்ணிலிருந்து அழித்துவிடும். இந்த மறைவு எவ்வளவு முழுமையானது என்பதற்கு அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. வேலியடைத்த ஒரு சிறு நிலத்தில் 10 பெரிய பர்மிய மலைப்பாம்புகளை உடலுக்குள் ரேடியோ கருவி பொருத்தி விட்டார்கள். பாம்புகள் உள்ளேதான் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. இருந்தும் கண்ணை மட்டும் நம்பித் தேடியவர்களுக்கு அவற்றில் ஒன்று தென்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தது. பர்மிய மலைப்பாம்பு அயல் உயிராக வேரூன்றிவிட்ட புளோரிடா மாநிலம் 2013-இல் அதைப் பிடிக்கப் போட்டியே வைத்தது. பரிசுத் தொகை உண்டு, ஏறத்தாழ 1,600 பேர் பெயர் கொடுத்தார்கள், ஒரு மாத காலம். பிடிபட்டவை 68. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பல்லாயிரக்கணக்கில் அவை வாழ்வதாக அறிவியலாளர்கள் கணிக்கும் ஊரில் இது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே புளோரிடாவுக்கு 2017 தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்கள் இருவர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அந்தப் பெயர்களை 2023-இல் பத்மஸ்ரீ பட்டியலில் பார்த்திருப்பீர்கள். போய்ச் சேர்ந்து ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாட்களில், உடன் வந்த குழுவோடு 13 பாம்புகளைப் பிடித்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. இதைக் கேட்டதும் கூரிய கண் என்று பாராட்டிவிட்டுப் போவது வழக்கம். அது அரைகுறைப் பாராட்டு. சாலையோரம் வண்டியில் போய்க்கொண்டே பாம்பைத் தேடியவர்களுக்கு நடுவே இவர்கள் புதருக்குள் இறங்கி எச்சத்தையும், உரித்த சட்டையையும், மண்ணில் உடல் இழுபட்ட தடத்தையும் தேடினார்கள். பாம்பு விட்டுச் சென்றதைப் படித்துப் பாம்பிடம் போய்ச் சேர்ந்தார்கள். மலைப்பாம்பைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, பாம்பு கண்ணில் படாத இடத்திலிருந்து. இதற்கு இன்னும் பெரிய எடுத்துக்காட்டு 2012-இல் வெளிவந்த ஆய்வு. எவர்கிளேட்ஸ் சாலைகளில் இரவில் எண்ணப்பட்ட பாலூட்டிகளின் கணக்கை 1996-97ஆம் ஆண்டுகளின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். ரக்கூன் 99.3 விழுக்காடும், அப்போசம் 98.9 விழுக்காடும், பாப்கேட் எனும் காட்டுப்பூனை 87.5 விழுக்காடும் குறைந்திருந்தன. முயல் கண்ணிலேயே படவில்லை. பாம்பைப் பற்றிய மிக வலுவான சாட்சியம் வெறிச்சோடிய ஒரு சாலை. அதைப் படம் எடுத்து எந்தப் பத்திரிகை அட்டையில் போடும்?

கேமராவின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், முழு உருவம் வேண்டும், கொஞ்சம் அசைவும் இருந்தால் நல்லது. மலைப்பாம்பின் வாழ்க்கையோ நிழலும் மறைவும் அசையாமையும். ஆகவே படம் நன்றாக வர வர, பாம்பின் இயல்பிலிருந்து அது விலகிப்போகும் வாய்ப்பும் கூடுகிறது. திறந்த வெளியில் பாசி படர்ந்த கட்டைமேல் வட்டமாகச் சுருண்டு தலையை நடுவில் தூக்கி வைத்திருக்கும் பாம்பின் படங்களைப் பாருங்கள். பாம்பின்மேல் ஒரு தொப்பியையோ பாத்திரத்தையோ கவிழ்த்து, இருட்டில் அது அடங்கிச் சுருண்டதும் சட்டென்று தூக்கிவிட்டு எடுப்பது பாம்புப் படக்காரர்களிடையே பழகிப்போன உத்தி. குளிரூட்டி மந்தமாக்கி வைத்து எடுப்பதும் உண்டு. அழகான படம்தான், அதில் தெரியும் ஒழுங்கு தொப்பி கொடுத்த ஒழுங்கு.

அளவு விஷயத்தில் படம் இன்னும் துணிந்து பொய் சொல்லும். பிடித்த பாம்பைக் கைநீட்டிக் கேமராவின் பக்கமாகக் கொண்டுவந்து, ஆள் இரண்டடி பின்னால் நின்று, வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால் பத்தடிப் பாம்பு பதினெட்டடி ஆகிவிடும். 2003-இன் இறுதியில் மத்திய ஜாவாவின் ஒரு பூங்காவில் 14.85 மீட்டர் நீளமும் 447 கிலோ எடையும் கொண்ட மலைப்பாம்பு இருப்பதாகச் செய்தியும் படமும் உலகம் முழுக்கப் போயின. அளவுநாடாவோடு போய்ப் பார்த்தார் கார்டியன் நாளிதழின் நிருபர். ஆறரையிலிருந்து ஏழு மீட்டர்தான் வந்தது. பாதிக்கும் குறைவு! நியூயார்க் விலங்கியல் சங்கம் 30 அடியோ அதற்கு மேலோ உள்ள உயிருள்ள பாம்பைக் கொண்டுவருபவருக்குப் பரிசு அறிவித்து, பல பத்தாண்டுகளில் அதை 50,000 டாலர் வரை உயர்த்தியும் ஒருவரும் வாங்கவில்லை. வளர்ப்பில் உள்ளவற்றில் நீளமானதாக 2011-இல் அளந்து பதிவான கான்சாஸ் சிட்டியின் ரெட்டிக்குலேட்டட் மலைப்பாம்பு 7.67 மீட்டர். புளோரிடாவில் 2023-இல் பிடிபட்டு அளக்கப்பட்ட மிக நீளமான பர்மிய மலைப்பாம்பு 19 அடி. இந்த எண்கள் எதுவும் சின்னவை இல்லை. 19 அடிப் பாம்பை இந்த மேடைக்குக் குறுக்கே போட்டால் வால் எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது லென்ஸின் தயவு எதற்கு என்பதுதான் எனக்கு விளங்காதது.

ஒரு படம் பொய் சொல்லாமலேயே வழிதப்ப வைக்கவும் முடியும். 2005 அக்டோபரில் எவர்கிளேட்ஸிலிருந்து வந்த படம் ஒன்று பலருக்கு நினைவிருக்கும். 13 அடி மலைப்பாம்பு ஒன்று ஆறடி முதலையை விழுங்கி, வயிறு வெடித்துச் செத்துக் கிடந்தது. முதலை என்று பொதுவாகச் சொல்கிறேன், அது அலிகேட்டர். படம் மெய்யானது, யாரும் செட் போட்டு எடுக்கவில்லை. அயல்நாட்டுப் பாம்பு ஒன்று அந்தச் சதுப்பில் வேரூன்றிவிட்டது என்ற செய்தியை எந்த அறிக்கையும் செய்ய முடியாத வேகத்தில் அந்தப் படம் கொண்டுசேர்த்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பார்த்தவர் மனத்தில் தங்கியது என்ன? மலைப்பாம்பு முதலையோடு மல்லுக்கட்டும் பூதம். அதன் அன்றாடச் சாப்பாடு என்னவென்று வயிற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். 2003-க்கும் 2008-க்கும் இடையில் சேகரித்த 85 பாம்புகளின் குடலில் கிடைத்த இறகுத் துணுக்குகளைக் கொண்டு ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர் கார்லா டவ்வின் குழு 25 வகைப் பறவைகளை அடையாளம் கண்டது. எலி, முயல், கொக்கு வகைகள் என்று ஓசையில்லாமல் நடக்கும் உணவுக் கணக்கு அது. அபூர்வம் நடந்த ஒரு நாளைப் படம் காட்டியது. வழக்கமான நாட்களை இறகுத் துணுக்கு காட்டியது. காட்டுயிர் பற்றிய நம் பொது அறிவில் முதல் வகைச் சான்றுக்குத்தான் எப்போதும் முன்வரிசை.

அப்படியானால் கூண்டுப் பாம்பு பயனற்றதா? இங்கேதான் என் வாதத்தைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். மலைப்பாம்பைப் பற்றி நமக்குத் தெரிந்த மிக வியப்பான செய்திகள் சில கூண்டிலிருந்தே வந்தவை. தாய் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு சூடு கொடுக்கிறது என்று லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி 1832-இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குச் சொன்னபோது அறிஞர்கள் நம்பவில்லை. குளிர்ரத்த உயிர் எப்படிச் சூடு கொடுக்கும்? 1841-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் விலங்குக் கூடத்தில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. விலங்கியலாளர் வலென்சியென் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். பயணி சொன்னது சரி. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. நியூயார்க் விலங்குக்காட்சியகத்தில் அடைகாத்த ஒரு பாம்பை அளந்து 1966-இல் வெளியிட்ட ஆய்வு, தாய்ப்பாம்பு தன் தசைகளை விட்டு விட்டுச் சுருக்கி, நாம் குளிரில் நடுங்குவதைப் போல நடுங்கி வெப்பம் உண்டாக்குகிறது என்று காட்டியது. சுற்றுப்புறம் குளிரக் குளிரத் துடிப்பு கூடியது. இதைக் காட்டில் யாரால் அளந்திருக்க முடியும்? இரை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டே நாளில் 40 விழுக்காடு பெருக்கிறது என்று 2005-இல் அளந்தது ஆய்வுக்கூடத்தில். சுற்றி இறுக்கும் பாம்பு இரையை மூச்சுமுட்ட வைத்துக் கொல்கிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்கள் எழுதிவந்ததை 2015-இல் போவா பாம்புகளைக் கொண்டு செய்த சோதனை மாற்றியது. எலியின் ரத்த நாளத்தில் கருவி பொருத்திப் பார்த்தபோது, பாம்பு இறுக்கிய சில நொடிகளில் ரத்த ஓட்டமே நின்றுபோவது தெரிந்தது. இறுக்கும் பாம்பின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் மூச்சுமுட்டல் என்று எல்லோரும் நம்பியும் இருந்தார்கள்.

1966 ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் தலைப்பு இந்திய மலைப்பாம்பு என்று சொல்கிறது. பர்மிய வகை அன்று இந்திய மலைப்பாம்பின் உள்ளினமாகக் கருதப்பட்டது. அளக்கப்பட்டதும் அந்த வகைதான். 2009-க்குப் பிறகு இரண்டும் தனித்தனி இனங்கள் என்று பிரிக்கப்பட்டுவிட்டன. ஆய்வாளர்கள் உள்ளினப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்ததால் அந்த அளவீடு எந்தப் பாம்புக்கு உரியது என்று இன்றும் சொல்ல முடிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த அருமையான தெர்மாமீட்டர் கணக்கு யாருடையது என்று தெரியாத அநாதையாகியிருக்கும். இன்று இணையத்தில் சுற்றும் மலைப்பாம்புப் படங்களில் எத்தனைக்கு இந்த அளவு பிறப்புச் சான்றாவது இருக்கிறது?

கூண்டு சொல்ல முடியாதது, பாம்பு ஓரிடத்தில் எப்படி வாழ்கிறது என்பது. ராஜஸ்தானில் பரத்பூர் அருகே கேவலாதேவ் தேசியப் பூங்கா, 29 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சதுப்பு நிலம். பறவைகளுக்குப் பேர்போன இடம். அங்கே மலைப்பாம்புகளைத் தொடர்ந்து கவனித்தவர்களில் முதன்மையானவர் கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றிய எஸ். பூபதி, 1989-இலேயே அந்தப் பாம்புகளின் நிலை பற்றி வி.எஸ். விஜயனுடன் சேர்ந்து எழுதியவர். மலைப்பாம்பு தானாக வளை தோண்டாது. முள்ளம்பன்றி தோண்டிய வளைக்குள் அது குடியேறும்; முள்ளம்பன்றி அங்கேயே இருக்கும்போதும் அதே வளையைப் பங்குபோடும். வட இந்தியக் குளிர்காலத்தில் காலை வெயில் ஏறியதும் வளை வாயில் வந்து கிடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். முள்ளம்பன்றி, வளை மண், குளிர்காலக் காலை வெயில், இந்த மூன்றும் இல்லாமல் கேவலாதேவின் மலைப்பாம்பு இல்லை. ஒரு வளை வாயைத் தொலைவிலிருந்து எடுத்த படத்தில், பாம்பு நான்கு அங்குலம் மட்டுமே தெரிந்தாலும், இந்த மூன்றும் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் காட்டுக் காட்சி வரைந்து வைத்து எடுத்த படத்தில் செதில் செதிலாகப் பாம்பு தெரியும். அந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது.

சரி, தொலைவில் நின்று எடுத்தால் என்ன, கிட்டே போய் எடுத்தால் என்ன, பாம்புக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அசையாமல் கிடக்கிறதே, பயந்தால் ஓடியிருக்காதா என்பார்கள். அசையாமை மலைப்பாம்பின் முதல் தற்காப்பு; அதை நிம்மதி என்று படிப்பது நம் வசதிக்கான வாசிப்பு. இதற்குக் கேவலாதேவிலேயே ஆதாரம் இருக்கிறது. அங்கு மலைப்பாம்புகள் வெயில் காயும் முறையை ஆராய்ந்து அதிதி முகர்ஜி, குமாரா, பூபதி ஆகியோர் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, மனிதத் தொந்தரவு பாம்புகளின் வெயில் காயும் ஒழுங்கையே மாற்றியிருப்பதாகச் சொல்கிறது. வெயில் காய்வது பாம்புக்குப் பொழுதுபோக்கு இல்லை, தேவை என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார்கள். உடல் சூடேறாவிட்டால் செரிமானம் நடக்காது. கிட்டே வரும் ஒவ்வொரு காலடிக்கும் பாம்பு வளைக்குள் இழுத்துக்கொண்டால், குளிர்காலத்தின் சொற்ப வெயில் நேரத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. புதிதாக இரை விழுங்கிய மலைப்பாம்பைச் சீண்டினால் அது இரையைக் கக்கிவிட்டு நகரும். வாரக்கணக்கில் காத்துப் பெற்ற உணவு அது. அடைகாக்கும் தாயைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதை 1966 தெர்மாமீட்டரை நினைத்துப் பார்த்தால் போதும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ளது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. வேட்டை என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் கொல்வதோடு நிற்கவில்லை. பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டை. ஊர்வனவற்றின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அதில் அடக்கம். படத்துக்காகப் பாம்பை வாலைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் போடுபவர் தன்னை இயற்கை ஆர்வலர் என்று எண்ணிக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் அவர் கையிலிருப்பது கேமராவா கம்பா என்பது பெரிய வேறுபாடு இல்லை.

அடுத்த மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. காட்டில் போய்த் தொந்தரவு செய்வதைவிட வளர்ப்புப் பாம்பை வைத்து எடுத்துவிட்டால் நல்லதுதானே, பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரியும் என்பது. முதல் பாதி நியாயம். செதில், கண், உதட்டுக் குழி, நாக்கு இவற்றை நெருங்கிக் காட்ட வேண்டுமென்றால் விலங்குக்காட்சியகப் பாம்புதான் சரியான பாம்பு; அதற்காகக் காட்டுப் பாம்பைப் படுத்த வேண்டியதில்லை. இரண்டாம் பாதிதான் தவறு. பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியாது. கூண்டுக் கம்பியிலும் கண்ணாடியிலும் மூக்கை உரசி உரசி முனை தேய்ந்திருக்கும், உண்டு கிடந்து உடல் பருத்திருக்கும். காட்டுப் பாம்பின் மேல் உண்ணி ஒட்டியிருக்கும், இரையின் நகமோ பல்லோ கீறிய பழைய வடு இருக்கும். 2009ஆம் ஆண்டுக்கான உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்பட விருதை வென்ற ஓநாய்ப் படம், வளர்ப்பு ஓநாயை வைத்து எடுக்கப்பட்டிருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததால் 2010 ஜனவரியில் தகுதி இழந்தது. எடுத்தவர் மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விருதுக்குழு பார்த்தது படத்தின் அழகை இல்லை, அது யாருடைய சாட்சியம் என்பதை.

மேலும், வளர்ப்புப் பாம்பின் படம் ஒரு சந்தையையும் வளர்க்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்பு, பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும். அந்தப் பயத்தையே அடக்கம் என்று விளம்பரம் செய்து, வெள்ளை, மஞ்சள், புள்ளி என்று நிற வகைகளை உருவாக்கி, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதில் சிலந்தி என்ற பெயருடைய வகைக்குப் பிறப்பிலேயே நரம்புக் கோளாறு. தலை நிலையாக நிற்காமல் ஆடும். படத்தில் ஆட்டம் தெரியாது, நிறம் மட்டும் தெரியும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்படும் பாம்புகளில் பால் பைத்தான் திரும்பத் திரும்பச் சுங்கத்துறையிடம் சிக்குகிறது. அழகிய படம் ஒவ்வொன்றும் கடத்தலுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆசையை விதைப்பது படம் என்பதை மறுக்க முடியாது. புளோரிடாவின் கதையும் அப்படித் தொடங்கியதுதான். 1996-க்கும் 2006-க்கும் இடையில் ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் செல்லப்பிராணி வணிகத்துக்காக அமெரிக்காவுக்குள் வந்தன.

படம் இல்லையென்றால் அன்பு எங்கிருந்து வரும், அன்பு இல்லையென்றால் பாதுகாப்பு எப்படி வரும் என்பது மிகவும் கனிவான மறுப்பு; அதனாலேயே கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது. இந்தியாவில் பாம்பு மீதான பொதுமக்கள் பார்வை மாறியதில் 1972-இல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய சென்னைப் பாம்புப் பண்ணைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே இருந்தவை கூண்டுப் பாம்புகளே. ஆனால் அங்கே நுழைந்தவர் எவரும் தாம் காட்டில் இருப்பதாக நினைக்கவில்லை. பெயர்ப்பலகை இருந்தது, சொல்லித்தர ஆள் இருந்தார்கள். இன்று மீட்பு என்ற பெயரில் வரும் காணொளிகளில் நடப்பது வேறு. ஊருக்குள் வந்த பாம்பைச் சாக்கில் போட்டால் வேலை முடிந்தது. அதை முடிக்காமல், தலையைப் பிடித்து வாயைத் திறந்து காட்டி, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கூட்டத்தைச் சிரிக்க வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள். இதைப் பார்ப்பவர் கற்பது, பாம்பைக் கையாளும் துணிச்சல் ஒரு விளையாட்டு என்பதை. மலைப்பாம்புக்கு நஞ்சில்லை என்ற சரியான தகவல், கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டியென்று எண்ணித் தொட வைக்கும் தவறான துணிச்சலாக மாற அதிக நேரம் ஆகாது. இரண்டின் உடலிலும் பழுப்புத் திட்டுகள்தான். கேரள வனத்துறை 2020 முதல் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டுமே பாம்பு மீட்புக்கு அனுமதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதைத் தமிழகமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

புளோரிடாவில் கொல்லவே வேண்டிய பாம்பை எப்படி எடுத்தால் என்ன என்று ஒருவர் மடக்கலாம். அங்கே மலைப்பாம்பு அயல் உயிர், அகற்றப்பட வேண்டியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட 98 கிலோ எடையுள்ள பெண் பாம்பின் வயிற்றில் 122 முட்டைக் கருக்கள் இருந்தன. அது ஒன்றே அங்குள்ள நெருக்கடியைச் சொல்லும். அந்தப் பாம்பைக் கண்டுபிடிக்க உதவியது ரேடியோ கருவி பொருத்தி விடப்பட்ட ஓர் ஆண் பாம்பு. இணை தேடிப்போன இடத்துக்கு அது ஆய்வாளர்களைக் கொண்டுசேர்த்தது. ஆனால் வெற்றிக்கோப்பை போலத் தோளில் போட்டு நிற்கும் படங்கள் அந்த நெருக்கடியை விளக்குவதில்லை. பாம்பைக் குற்றவாளியாக்கி, அதை இறக்குமதி செய்து விற்றவர்களையும், வளர்க்க முடியாமல் சதுப்பில் விட்டவர்களையும் சட்டகத்துக்கு வெளியே அனுப்பிவிடுகின்றன. இதே பர்மிய இனம் தன் தாய்நிலமான தென்கிழக்கு ஆசியாவில் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் பிடிக்கப்பட்டு, அழியக்கூடிய நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. எங்கே எடுத்தது என்று தெரியாமல் அதன் படத்தைப் பார்ப்பவருக்கு, பெருகிவிட்டதே என்று கவலைப்படுவதா, அருகிவிட்டதே என்று கவலைப்படுவதா என்பதுகூடத் தெரியாது.

ஆகவே பத்திரிகை ஆசிரியர்களிடமும் போட்டி நடத்துபவர்களிடமும் நான் கேட்பது படக்குறிப்பில் ஒரு வரி. காட்டில் கண்டதா, வளர்ப்பில் உள்ளதா, மீட்கும்போது எடுத்ததா. கைபடாமல் எடுத்ததா, நகர்த்தி வைத்து எடுத்ததா. வளை வாயில் வைத்த தானியங்கி கேமராவா, ஆள் நின்று எடுத்ததா. தெரியாவிட்டால் தெரியாது என்றே போடட்டும். இதற்கும் ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட: இடத்தைச் சொன்னால் கடத்தல்காரனுக்கு வழி காட்டியதாகாதா? ஆகும். வெயில் காய ஒரே வளைக்குத் திரும்பத் திரும்ப வரும் பாம்புக்கு இந்த ஆபத்து பிற விலங்குகளைவிட அதிகம். எனவே மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கைப்பேசி படத்துக்குள் தானாகப் பதித்து வைக்கும் இருப்பிடக் குறியீட்டையும் வெளியிடும் முன் நீக்கிவிட வேண்டும். எந்த வளை என்பது வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்தி இல்லை. எந்த நிலையில் எடுத்தது என்பது தெரிய வேண்டும்.